சூடானதும் தட்டுகிற சைலன்சர்: யாராவது வழி சொல்லுங்கள்

கடலூர் முதுநகர். வண்டி 2012 ஸ்விஃப்ட், பெட்ரோல். பழைய சைலன்சர் உப்புக்காற்றில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. மூன்று வாரம் முன்பு கம்பெனி சைலன்சருக்குப் பதில் வெளியே கிடைக்கும் சைலன்சர் ஒன்றை வாங்கி வீட்டிலேயே மாட்டினேன்.

காலையில் ஸ்டார்ட் செய்தால் சத்தமே இல்லை. புதுச்சேரி சாலையில் கால் மணி நேரம் ஓடியதும் பின்னால் 'டக டக' என்று தட்டுகிறது. வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலில் அதிகம், ஆக்சிலேட்டர் கொடுத்தால் குறைகிறது.

சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் ஹேங்கர், குழாய் இணைப்பில் வைக்கும் கேஸ்கெட் இரண்டும் புதிது. புகைக் கசிவு இல்லை. சூட்டைத் தடுக்கும் ஹீட் ஷீல்டு தகடும் ஆடவில்லை. கிளாம்பைத் தளர்த்திக் குழாயைத் திருப்பி, பின் ஆக்சிலிலிருந்து ஒரு விரல் இடைவெளி வைத்தேன். (ஸ்டாண்டு போட்டுத்தான் அடியில் படுத்தேன், திட்ட வேண்டாம்.) சூட்டில் குழாய் நீண்டு அந்த இடைவெளியும் போய், ஆக்சிலில் இடிக்கிறது என்று நினைக்கிறேன்.

இதற்கு ஹேங்கர் கம்பியை வளைக்கலாமா, குழாயை வெட்டி வெல்டிங் செய்வதுதான் வழியா?