பழைய கிராமத்தின் மேல் வீடு கட்டும் முன் சோதனை அகழிகள் வீண் செலவா?

செங்கல்: இங்கிலாந்தில் ஒரு சின்ன குடியிருப்புத் திட்டத்தில் பொறியாளராக இருக்கிறேன். நிலம் ஒரு ஹெக்டேர். இடைக்காலத்தில் அங்கே ஒரு கிராமம் இருந்ததாம், அதனால் அனுமதிக்கு முன்பே தொல்லியல் மதிப்பீடு கேட்கிறார்கள். பழைய வரைபடங்களைப் புரட்டி ஓர் அறிக்கை கொடுத்தோம். மண்ணுக்கடியில் இருப்பதைக் காந்தப்புல மாற்றத்தால் காட்டும் காந்தமானியை வைத்து நிலம் முழுக்க நடந்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. சரி, முடிந்தது என்று பார்த்தால் இப்போது சோதனை அகழிகளாம். ஒன்றுமில்லாத இடத்தில் எதற்குத் தோண்ட வேண்டும்?

கம்பக்குழி: தொல்லியல் அகழாய்வு வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். அடுப்பு, சூளை, எரிந்த மண், குப்பை நிறைந்த பள்ளம் இதெல்லாம் காந்தமானியில் நன்றாகத் தெரியும். மர வீட்டுக்குக் கம்பம் நட்ட குழி அப்படியில்லை. ஒரு முழ அகலம்தான், தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு மூடியிருப்பார்கள். பெரும்பாலும் கருவிக்குச் சிக்காது. பக்கத்தில் இரும்பு வேலி இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அகழியில் பார்ப்பது வேறு விதம். பல்லில்லாத வாளி மாட்டிய பொக்லைன் மேல்மண்ணை மெல்லச் சீவிக்கொண்டே வரும், நாங்கள் கூடவே நடப்போம். வெளிர்மண்ணில் தட்டு அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். இரண்டடி தள்ளி இன்னொன்று. வெயிலில் காய்ந்தால் அரை மணியில் மறைந்துவிடும், தண்ணீர் தெளித்தால் திரும்ப எழும். நான்கைந்து வட்டம் ஒரே வரிசையில் வந்தால் அங்கே சுவர் இருந்தது என்று அர்த்தம்.

செங்கல்: எத்தனை சதவீதம் தோண்டுவீர்கள்? எங்களிடம் 4 என்றார்கள். மீதி 96 சதவீதத்துக்கு ஜோசியமா?

கம்பக்குழி: ஒரு ஹெக்டேரில் 4 சதவீதம் என்றால் 400 சதுர மீட்டர். 30 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில் ஏழு அகழி போதும். கிராமத்தின் எல்லைப் பள்ளம், பழைய வண்டித்தடம் எல்லாம் நீளமானவை, ஏதாவது ஓர் அகழியில் குறுக்கிடும். தனியாக ஒரு புதைகுழி இருந்தால் தவறவிடலாம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

வரப்பு: இந்த விதி சும்மா வரவில்லை செங்கல். 1989இல் லண்டன் சதர்க்கில் அலுவலகக் கட்டடம் எழுப்பப் போன இடத்தில் ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் கிடைத்தது. பெரிய போராட்டம், கட்டடத்தின் வடிவத்தையே மாற்றினார்கள். மறு ஆண்டே அரசு, அனுமதி பற்றி முடிவெடுக்கும் முன்பு நிலத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி வழிகாட்டுதல் வெளியிட்டது. தொல்லியல் மரபைக் காக்க ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட வலேட்டா உடன்படிக்கை 1992இல் வந்தது.

ஆனால் யார் பணம் கொடுப்பது என்பதில் நான் உங்கள் பக்கம். பிரான்சில் கட்டுமானங்களுக்கு வரி போட்டு, முதற்கட்டச் சோதனைக்கு அதிலிருந்து செலவழிக்கிறார்கள். 2002இல் தொடங்கிய இன்ராப் என்ற அரசு நிறுவனம் இறங்கித் தோண்டுகிறது. இங்கே சின்ன கட்டுநர் முழுச் செலவையும் சுமக்கிறார்.

செங்கல்: அதைத்தான் சொல்கிறேன். இன்னொன்று, முந்தைய திட்டத்தில் வாங்கிய அறிக்கையில் எங்கள் நிலத்தில் இல்லாத ஓடையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. வேறு இடத்துக்கு எழுதியதை அப்படியே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். இதற்கும் பணம் கொடுத்தோம்!

கம்பக்குழி: அது அநியாயம்தான், எங்கள் துறையில் இது நடக்கிறது. அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் அகழியில் அப்படி ஏமாற்ற முடியாது, நீங்களே வந்து விளிம்பில் நின்று பார்க்கலாம்.

ஒன்று கேட்கிறேன், வீடுகளின் இடத்தை முடிவு செய்துவிட்டீர்களா? இப்போதே சோதனை அகழி தோண்டினால், பழைய வீட்டு மேடைகள் தென்படும் பகுதியைப் புல்வெளியாக விட்டுவிடலாம். அஸ்திவாரம் தோண்டும்போது எலும்பு வந்தால் வேலை நிற்கும், கிரேன் வாடகை நிற்காது.

செங்கல்: வரைபடம் முடிந்துவிட்டது. பூங்கா தெற்கே இருக்கிறது. கிராமம் இருந்ததாகச் சொல்வது வடக்கு மூலை. இரண்டையும் மாற்றிப் போடலாம், ஆறு வீடு நகரும். ஆனால் வடிகால் குழாய் வடக்கே போகிறது.

கம்பக்குழி: குழாய் எத்தனை ஆழம்?