சபையில் ஒருவருக்கு ஒருவர் துணைப்பணி: வன்னியில் இரகசியம் நிக்குமா?

இரணைமடுக் காற்று:
1975இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், உளவியலும் படிச்ச லூத்தரன் போதகர் கென்னத் ஹாக் தொடங்கின ‘ஸ்டீபன் மினிஸ்ட்ரி’ மாதிரி ஒன்றை எங்கட சபைகளில நடத்தலாமோ எண்டதுதான் கேள்வி. தெரியாதவைக்குச் சுருக்கமா: சாதாரண விசுவாசிக்கு 50 மணித்தியாலப் பயிற்சி. பிறகு துணையாளரான அவரிட்ட, துன்பத்தில இருக்கிற ஒரு ஆளை ஒப்படைப்பினம். கிழமைக்கு ஒருக்கா, ஒரு மணித்தியாலமளவில, போயிருந்து கேக்கிறதுதான் வேலை. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். துணையாளர்மார் மாதத்தில இரண்டு தரம் சிறு குழுவாக் கூடி, ஆளின்ர பெயரைச் சொல்லாமல் தங்கட பணியைச் சரிபாப்பினம். புத்தி சொல்லுறதும் இல்லை, வைத்தியமும் இல்லை.

தொடங்கத்தான் வேணும் எண்டு நான் சொல்லுவன். ஒரு போதகர் மூண்டு நாலு கிராமத்துக்கு ஓடுறார். ஒரு சாவு விழுந்து 31ஆம் நாள் முடிஞ்சால் அந்த வீட்டுப் படலையைத் திறக்க ஆள் இல்லை.

மாங்குளம் சந்தி:
செயின்ட் லூயிஸ் வேற, செல்வபுரம் வேற. இங்க ஒரே சைக்கிள் ஒரே வேலியில மூண்டாவது செவ்வாய்க்கிழமையும் சாத்தியிருந்தால் ஒழுங்கை முழுக்கக் கதை. ஐம்பது குடும்பச் சபையில எல்லாரும் மச்சான், மச்சாள், சம்பந்தி. ஆரிட்ட ஆர் மனந்திறக்கிறது? சைவ வீட்டுக்குப் போனால் மதம் மாத்த வந்தவை எண்டு பெயர். எல்லாத்துக்கும் மேல, 2009க்குப் பிறகு இந்தச் சனத்திட்டப் படிவம் நிரப்பினவை, பதிவெடுத்தவை, “சும்மா கதைக்க வந்தனாங்கள்” எண்டு வந்தவை கொஞ்சப்பேரே? கேக்க வாற ஆளைக் கண்டாலே வாய் மூடுது.

வட்டக்கச்சி வாசகி:
சந்தி அண்ணை, சைக்கிளை ஒளிக்கேலாது. ஒளிக்கவும் தேவையில்லை. ஆர் வந்து போகினம் எண்டு தெரியட்டும், என்ன கதைச்சவை எண்டது மட்டும் வெளியில கேக்கக்கூடாது. உள் அறைக்குள்ள கதவைச் சாத்தினால்தான் சந்தேகம் வரும். முத்தத்து மாமர நிழலில இரண்டு பிளாஸ்டிக் கதிரை, வேலிக்குப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, முகம் படலைப் பக்கம் பாக்க இருந்தால் ஆள் வாறது முதலே தெரியும், கதையை மாத்தலாம். வீட்டில மாமி இருந்தால் ஞாயிறு பாடசாலை முடிஞ்ச பிறகு கோயில் வளவு சரி. நுண்கடன்காரர் வாற நாளில போகவே கூடாது. அண்டைக்கு அந்த வீட்டில காது முழுக்க மோட்டார் சைக்கிள் சத்தத்திலதான் இருக்கும்.

உண்மையில இரகசியம் உடையிறது வேலியில இல்லை, ஜெபக் குறிப்பில. “பெயர் சொல்ல விரும்பேல்லை, பிள்ளை வெளிநாட்டில இருந்து காசு அனுப்பாத ஒரு தாய்க்காக ஜெபிப்பம்” எண்டு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில சொன்னால், அங்க இருக்கிற எல்லாருக்கும் ஆர் எண்டு விளங்கிப் போகும். சொன்னவர் நல்ல மனசோடதான் சொல்லியிருப்பார். அதால இந்த ஆக்களின்ர விசயம் ஜெபப் பட்டியலுக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ எந்த வடிவத்திலயும் போகக்கூடாது. போதகரும் அதைச் சபையில சாட்சியாச் சொல்லச் சொல்லிக் கேக்கக்கூடாது. கொப்பியில திகதியும் இருந்த நேரமும் மட்டும். மற்றது எழுதவே வேண்டாம்.

எல்லாரும் சொந்தக்காரர் எண்ட பிரச்சினைக்கு ஆளைக் கிராமம் மாத்தி இணைக்கலாம். தருமபுரத்து ஆள் வட்டக்கச்சிக்கு. பஸ் காசைச் சபை குடுக்கட்டும். ஆனால் போற வீட்டுக்குத் துணையாளர் காசோ அரிசியோ குடுக்கப்படாது. ஒருக்காக் குடுத்தால் அடுத்த கிழமையில இருந்து அது நிவாரணக் கணக்கு. தேவை இருந்தால், அந்த ஆள் சம்மதிச்சால், சபைச் செயலாளர் வேற வழியால பாக்கட்டும்.

மதமாற்றக் கதைக்கும் விதி ஒண்டுதான். கேக்காமல் வேதம் வாசிக்கிறதில்லை, கேக்காமல் ஜெபிக்கிறதில்லை. கிறிஸ்தவ வீட்டிலும் அப்படித்தான். கதை சுடும்போது “சரி, ஜெபிப்பம்” எண்டு கண்ணை மூடுறது, கேக்கிறவரின்ர பயத்தால வாறது. அதோட மற்றவரின்ர வாயும் அடைபட்டுப் போகும்.

மாங்குளம் சந்தி:
50 மணித்தியாலத்துக்கு ஆர் வருவினம்? ஐப்பசியில விதைப்பு, மாசி மட்டும் தலை நிமிராது.

இரணைமடுக் காற்று:
இரண்டரை மணித்தியாலப்படி 20 கிழமை. பங்குனியில தொடங்கினால் ஆடியில முடியும். குளத்துக்குக் கீழ சிறுபோகம் செய்யிறவைக்குப் பின்னேர வகுப்பு. பாதி நேரம் விரிவுரையில்லை, மூண்டு மூண்டு பேராப் பிரிச்சு ஒருவர் கதைக்க, ஒருவர் கேக்க, ஒருவர் பாத்துக் குறை சொல்லுறது. அதில எல்லாரும் விழுற இடம் ஒண்டுதான்: இரண்டு நிமிசத்துக்குள்ள புத்தி சொல்லத் தொடங்குறது.

மருந்துப் பெட்டி:
சுகாதாரப் பக்கத்தில் இருந்து சில வரிகள். “ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்” என்று முதல் நாளே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். விதிவிலக்கை முதலில் சொல்ல வேண்டும்: உயிருக்கு ஆபத்து, பிறருக்கு ஆபத்து, பிள்ளைக்குக் கொடுமை. பிறகு சொன்னால் ஏமாற்றியதாகவே படும்.

சாக நினைக்கிறீர்களா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. “சாமி, இப்பிடிக் கதைக்கக்கூடாது” என்று தடுப்பதுதான் கெடுதல். ஆம் என்றால் அடுத்த கேள்வி, எதால், எப்போது. வன்னியில் பெரும்பாலும் கையெட்டும் தூரத்தில் இருப்பது பூச்சிமருந்துப் போத்தல். அன்றே அது வீட்டை விட்டுப் போக வேண்டும், பூட்டுள்ள வேறு இடத்துக்கு. ஆளைத் தனியே விட்டு “நாளைக்குப் பாப்பம்” என்று வரக்கூடாது. பூச்சிமருந்தைக் குடித்துவிட்டால் 1990 அம்புலன்ஸ். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், போத்தலைக் கூடவே கொண்டுபோங்கள். 1998க்குப் பிறகு தற்கொலை முயற்சி இலங்கையில் குற்றமில்லை, பொலிஸ் பயத்தில் மறைக்கத் தேவையில்லை. கதைக்க 1926 உளநல இலக்கம், பிள்ளைகள் விசயத்துக்கு 1929.

இன்னொன்று. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று கிழமை எடுக்கும். முதல் கிழமையில் பலன் இல்லை என்று நிறுத்துவார்கள். அதற்குமேல் ஒரு விசுவாசி “மருந்து வேண்டாம், ஆண்டவர் சுகமாக்குவார்” என்றால் முடிந்தது. துணையாளர் மருந்தைப் பற்றிச் சொல்லக்கூடியது ஒரு வசனம்தான்: கிளினிக் திகதி எப்ப?

மாங்குளம் சந்தி:
இதெல்லாம் சரி, ஆனால் ஆருக்கும் முக்கியமான இடத்தைத் தொட விருப்பமில்லை. 2017 மாசி 20இல இருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சியில தெருவில இருந்த தாய்மார் கேட்டது பதில், ஆறுதல் இல்லை. அவைக்கு ஒரு மணித்தியாலம் கேக்கிற ஆளை அனுப்பிறது வாயை அடைக்கிற வேலை. ‘ஸ்டீபன்’ எண்டு பெயர் வைச்ச அந்த ஸ்தேவானையே பாருங்கோ. அப்போஸ்தலர் 6இல விதவைகள் சாப்பாட்டுப் பங்கில விடுபட்டிட்டினம் எண்டு முறைப்பாடு வந்தது. அப்போஸ்தலர் கேக்கிற ஆளையா அனுப்பினவை? பங்கைச் சரியாக்க ஏழு பேரை வைச்சவை. அதில ஒருத்தர்தான் ஸ்தேவான்.

வட்டக்கச்சி வாசகி:
அந்த அடி விழ வேண்டிய அடிதான். ஆனால் போராட்டப் பந்தலில இருந்த தாய் பின்னேரம் வீட்டுக்கு வருவா, இரவு இருக்கு. அந்த நேரத்துக்குத்தான் இது. அங்க துணையாளர் செய்யக்கூடாதது தெளிவு: “ஏற்றுக்கொள்ளுங்கோ” எண்டு சொல்லுறது, நினைவுப் பூசை வைக்கச் சொல்லுறது, 2016 சட்டத்தால வந்த காணாமல் போனமைக்கான சான்றிதழை எடு எண்டோ எடுக்காத எண்டோ சொல்லுறது. மரணச் சான்றிதழைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. எடுத்தால் பிள்ளையைத் தானே சாகடிச்ச மாதிரி எண்டு நினைக்கிற தாய் இருக்கிறா, கடன் கழுத்தை நெரிக்க எடுக்க நினைக்கிற தாயும் இருக்கிறா. முடிவு அவவின்ர. போராட்டத்துக்குப் போகாத எண்டு சொல்லுற துணையாளரை அடுத்த நாளே நிப்பாட்ட வேணும்.

முடிக்கிறதும் ஒரு வேலை. திடீரெண்டு வராமல் விட்டால், இன்னொருத்தரும் விட்டிட்டுப் போயிட்டார் எண்டு படும். நாலு கிழமைக்கு முதலே சொல்லி, கிழமைக்கு ஒண்டை இரண்டு கிழமைக்கு ஒண்டாக்கி, கடைசி நாளை இரண்டு பேருமாத் தீர்மானிக்க வேணும்.

மாங்குளம் சந்தி:
நான் இன்னும் எதிர்தான். ஒரு சபைக்குள்ளயே பயிற்சி, அந்தச் சபைக்குள்ளயே மேற்பார்வை எண்டால் பெயர் சொல்லாட்டியும் இரண்டாவது கூட்டத்தில ஆள் பிடிபடும். மேற்பார்வை செய்யிறவர் வெளிமாவட்டமா இருக்க வேணும், போதகரின்ர சொந்தமா இருக்கக்கூடாது, மெதடிஸ்தச் சபைக்கு அங்கிலிக்கன் ஆள் எண்டாலும் பறவாயில்லை. அந்த ஆள் ஆர் எண்டு முதல்ல சொல்லுங்கோ. பங்குனி வகுப்பைப் பற்றிப் பிறகு கதைப்பம்.