நாளாந்த மழைவீழ்ச்சி வலையுருவரையம் (ஹிஸ்டோகிராம்): 0 இல் ஒரே கம்பம்

கேள்வி: இரணைமடுப் பக்கத்துத் தரவு, மில்லிமீற்றரில். ஆர் (R) கணினி மொழியில், வரைபுப் பொதியான ஜிஜிபிளாட் 2 (ggplot2) ஆல் கீறினால் 0 இல் ஒரு சலாகை நெட்டுக்கு நிக்குது. மிச்சம் தரையோட ஒட்டிக் கிடக்குது. முதல் சலாகை 0 க்கு இடப்பக்கமும் நீளுது. மறைப் பெறுமானம் ஒன்றும் தரவில் இல்லை.

பதில்: தம்பி, வன்னியில் மழை பெரும்பாலும் ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரைதான், 0 குவியிறது இயல்பு. மழையில்லா நாட்களை வடிகட்டி, அவற்றின் எண்ணிக்கையைத் தலைப்புக்குக் கீழ எழுதுங்கோ. வகுப்பு அகலம் சொல்லாட்டி ஜிஜிபிளாட் தானாக 30 வகுப்பாக வெட்டும். 'பின்வித்' (binwidth, வகுப்பு அகலம்) 5, 'பவுண்டரி' (boundary, வகுப்பு எல்லை) 0 என்று கொடுங்கோ. பவுண்டரி இல்லாட்டி முதல் வகுப்பு −2.5 இலிருந்து 2.5 வரை விழும். இடப்பக்கம் நீளுறது அதாலதான்.

இன்னொரு பதில்: மழைமானியை 0.5 மில்லிமீற்றர் படியில் வாசித்த தரவென்றால் வகுப்பு அகலமும் 0.5 இன் மடங்காக இருக்கவேணும். 0.7 வைத்தால் சில வகுப்பில் ஒரு பெறுமானம், சிலதில் இரண்டு விழுந்து, சீப்புப் பல்லு மாதிரி பொய்யான மேடுபள்ளம் வரும். இதைத்தான் கனபேர் கவனிக்கிறேல்லை. சலாகை ஓரத்துக்கு வெள்ளை நிறம் கொடுங்கோ.

கேட்டவர்: மாதங்களை ஒப்பிட?

பதில்: ஒன்றின் மேல் ஒன்று பூச வேண்டாம். மாதத்துக்கு ஒரு வரைபாகப் பிரிக்கிற 'ஃபேசெற் ராப்'பில் (facet_wrap) ஒரே நிரலாக, கீழ்கீழாக அடுக்குங்கோ. கிடையச்சு நேராக நிக்கும்.