இரண்டரை வயது, பேச்சு வரவில்லை: காத்திருக்கலாமா?

குழித்துறைக்காரி:
மகனுக்கு இரண்டரை வயது. அம்மா, வா, தா, பயம் (பழத்தைத்தான் அப்படிச் சொல்கிறான்) என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான். நான் தமிழ். மாமியார் பாறசாலைக்காரர், அவனிடம் மலையாளம்தான் பேசுவார். பிளே ஸ்கூலில், "இரண்டு மொழியில் குழம்பிவிட்டான், இனி வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்கிறார்கள். வீட்டிலோ மூன்று வயது வரை பொறு என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

தக்கலை மாமா:
பயப்படாதே மக்ளே. ஆண்பிள்ளை பைய பையத்தான் பேசும். எங்கள் குடும்பத்தில் நாலு வயதில் வாய் திறந்தவன் இன்று கோயில் கொடையில் மைக் பிடித்துப் பேசுகிறான். இப்போது ஊருக்கு ஊர் தெரபி சென்டர். உள்ளே காலை வைத்தால் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காது கேட்கிறதா என்று சந்தேகமா? பின்னால் நின்று ஒரு எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார். திரும்பினால் பிரச்சினை இல்லை.

கிள்ளியூர் தெரபிஸ்ட்:
மாமா, அந்தத் தட்டை மட்டும் நம்பாதீர்கள். சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்ட பிள்ளை தட்டுச் சத்தத்துக்கு நிச்சயம் திரும்பும். ஆனால் அடுப்படியிலிருந்து அம்மா சொல்கிற "சீக்கிரம் வா"வில் அந்த 'சீ' அதற்கு மங்கலாகத்தான் விழும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, பிள்ளைகளுக்குச் சளி விட்டபாடில்லை. ஆகவே முதல் வேலை முறையான செவித்திறன் பரிசோதனை. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். கேட்கும் திறன் மிகக் குறைவு என்று தெரிந்தால் காக்ளியர் இம்ப்ளாண்ட் (உள்காதில் அறுவை செய்து பொருத்தும் கேட்புக் கருவி) வரை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டு. ஆனால் ஆறு வயதுக்குள் செய்ய வேண்டும். காத்திருப்பது அங்கேதான் ஆபத்து.

நீங்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. இரண்டு வயதில் பேச்சுத் தாமதமாக இருக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் தானாகவே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடும். எந்தப் பிள்ளை பிடிக்கும், எது பிடிக்காது என்று அந்த வயதில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் பார்க்கச் சொல்கிறோம்.

குழித்துறைக்காரி அக்கா, மொழி விஷயத்தில் பிளே ஸ்கூல் சொன்னது தவறு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வராது. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் எத்தனை தலைமுறை இரண்டிலும் பேசி வளர்ந்திருக்கிறது! மாமியாரிடம் அவன் சொல்கிற மலையாளச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள். உங்கள் வாய்க்குச் சரளமாக வராத இங்கிலீஷில் பேச ஆரம்பித்தால் வீட்டில் பேச்சே குறைந்துபோகும். பாட்டி மலையாளத்தில் கதை சொல்லட்டும், நீங்கள் தமிழில் பேசுங்கள்.

தக்கலை மாமா:
சரி, காதைப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. அப்புறம் என்ன நடக்கும் என்பதுதான் என் கேள்வி. "லாங்குவேஜ் டிசார்டர்" என்று ஒரு பெயரை எழுதிக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர், சொந்தத்தில் அந்தப் பெயர், பெண்பிள்ளையாக இருந்தால் கல்யாணப் பேச்சில் அந்தப் பெயர். சின்னக் குழந்தைக்கு முத்திரை குத்துவது எந்த வகையில் உதவி?

நாஞ்சில் வாத்தியார்:
பெயர் வைக்காவிட்டால் பிள்ளைக்குப் பெயரே இருக்காது என்று நினைக்கிறீர்களா மாமா? மந்தம், சோம்பேறி, வாயில்லாப் பூச்சி என்று வகுப்பே வைத்துவிடும். என்னிடம் ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி. தோட்ட வேலை, சமையல் எல்லாவற்றிலும் கெட்டி. "புத்தகத்தை மூடிவிட்டு, நோட்டில் தேதி எழுதி, மூன்றாவது கணக்கைப் போடு" என்றால் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளையைப் பார்ப்பாள். திமிர் என்று அடி வாங்கியிருக்கிறாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். நீளமான வாக்கியம்தான் உள்ளே நிற்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லி, கரும்பலகையில் எழுதியும் போட்டால் கணக்கைச் சரியாகப் போட்டுவிடுவாள். இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகளில் பள்ளி சேரும் வயதில் நூற்றுக்கு ஏழு பிள்ளைகளுக்கு இந்த மாதிரி மொழிச் சிக்கல் இருப்பதாகக் கண்டார்கள். முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். அவர்களை நாம் பார்க்கிறோமா?

இன்னொன்று: பயிற்சிக்குக் குறைபாட்டுச் சான்றிதழ் தேவையில்லை, இரண்டும் வேறு வேறு. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் ஆர்.பி.எஸ்.கே. என்கிற அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வரும். பேச்சுத் தாமதமும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் உண்டு. மேல்சிகிச்சைக்கு அவர்களே அனுப்புவார்கள், காசு கிடையாது. பள்ளிப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரைக் கேளுங்கள். மேல்புறம், முன்சிறை உட்பட ஒன்பது ஒன்றியத்திலும் மையம் உண்டு.

குளச்சல் தம்பி:
நான் திக்கிப் பேசுகிறவன், கல்லூரியில் படிக்கிறேன். இது பொதுவாக இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தொடங்கும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு நின்றுவிடும். எனக்கு நிற்கவில்லை. மாமா சொன்ன "தானாகச் சரியாகும்" என்பதைத்தான் எங்கள் வீட்டிலும் நம்பினார்கள். வருகைப் பதிவு எடுக்கும்போது என் பெயர் வருவதற்கு முன்பே தொண்டை அடைத்துவிடும். "பிரசென்ட்" என்பதில் 'பி' வெளியே வராது. சார் நிமிர்ந்து பார்ப்பார், வகுப்பு சிரிக்கும். கையை மட்டும் தூக்கட்டுமா என்று கேட்கக்கூட அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

பெரியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாங்கள் திக்கும்போது மிச்சச் சொல்லை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். "மெதுவாப் பேசு, மூச்சு விட்டுப் பேசு" என்றும் சொல்லாதீர்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருங்கள், அது போதும்.

தக்கலை மாமா:
தம்பி, நீ சொன்னது மனதைத் தைத்துவிட்டது. பார்க்க வேண்டாம் என்று இனி சொல்ல மாட்டேன். ஆனால் சான்றிதழ் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. போலி சென்டர்களைப் பற்றிய பயமும் போகவில்லை.

கிள்ளியூர் தெரபிஸ்ட்:
போலிகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். தர மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். நாக்கில் வசம்பு தேய்த்தால் பேச்சு வரும் என்பவர்களையும் நம்பாதீர்கள். அரசு வழியில் போக விரும்பினால் 1997இல் தொடங்கிய, திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இருக்கிற நிஷ் என்கிற பேச்சு, செவித்திறன் நிறுவனமும் நமக்கு எட்டும் தூரம்தான்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன் அக்கா. அவன் "பயம்" என்றால் "பழம்னு சொல்லு, அப்பத்தான் தருவேன்" என்று நிறுத்திவைக்காதீர்கள். 'ழ' வர இன்னும் சில வருடம் ஆகலாம். பழத்தை அவன் கண்ணெதிரே பிடித்துக்கொண்டு, "பழம்! மட்டிப்பழம். உரிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நிறுத்துங்கள். அவன் கையை நீட்டினாலும் அது பதில்தான். "உரி, உரி... தோல் போச்சு" என்று உரித்துக்கொண்டே சொல்லுங்கள். குளிக்கும்போதும் சோறு ஊட்டும்போதும் இப்படியே.

குழித்துறைக்காரி:
சோறு ஊட்டும்போது செல்போனில் பாட்டுப் போட்டால்தான் வாய் திறக்கிறான். அதிலிருந்தும் சொல் கற்றுக்கொள்வான்தானே?

கிள்ளியூர் தெரபிஸ்ட்:
பாட்டு அவனுக்குப் பதில் சொல்லாது அக்கா. இந்த வயதில் ஒரு நாளைக்கு எல்லாத் திரையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள், குறைந்தால் இன்னும் நல்லது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஊட்டும் நேரத்தை முதலில் மீட்டெடுங்கள். இரண்டு நாள் அழுவான்.

நாஞ்சில் வாத்தியார்:
மாமாவுக்கு: சான்றிதழ் வாங்குவதும் வாங்காததும் குடும்பத்தின் விருப்பம். ஆனால் பத்தாம் வகுப்பு வரும்போது யோசியுங்கள். பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்க மருத்துவச் சான்று வேண்டும். தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தின வாரம் ஓடிவருகிற பெற்றோருக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.