மகளுக்கு என்ன சொல்வது? உங்கள் உதவி வேண்டும்

வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் வசிக்கிறேன்.

என் அம்மா குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு, அருகிலுள்ள, சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயிலிலும் மூன்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்ட பிறகுதான் வீடு திரும்புவார். விரலில் உதிரும் அந்தச் சாம்பலையும் நெற்றியில் இட்டுக்கொள்வார். இந்தியாவின் பௌத்தக் கருணை வடிவமான அவலோகிதேசுவரரே சீனாவில் பெண் வடிவம் பெற்றுக் குவான் யின் ஆனார் என்று பின்னாளில் படித்தபோது, அம்மாவின் அந்த விரல்தான் நினைவுக்கு வந்தது.

பிறகு வெள்ளக் கதைகளில் மூழ்கினேன். சதபத பிராமணம் என்ற வேத நூலில் மனுவின் படகை ஒரு மீன் வடமலைக்கு இழுத்துச் செல்கிறது. விவிலியத்தில் நோவா காகத்தையும் புறாவையும் பறக்கவிடுகிறார். 1872இல் ஜார்ஜ் ஸ்மித் என்ற ஆய்வாளர் லண்டனில் படித்தறிந்த, பண்டைய மெசபடோமியக் காப்பியமான கில்கமேஷின் களிமண் பலகையிலும் அதே புறா, அதே காகம். கூடவே ஒரு தகைவிலான் குருவி. இதையெல்லாம் படித்து என் பக்தி குறையவில்லை, ஆழமாகத்தான் ஆனது.

போன வாரம் பதின்மூன்று வயது மகள் கேட்டாள்: "எல்லா ஊரிலும் ஒரே கதை என்றால், நாம் யாரைக் கும்பிடுகிறோம் அம்மா?" பதில் வரவில்லை. பிள்ளையைக் குழப்புகிறேன் என்று உறவினர்கள் சொல்வது வலிக்கிறது.

இப்படி வளர்த்த பெற்றோர் இங்கே இருந்தால், என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். கில்கமேஷ் கதை பிள்ளைகள் படிக்கும்படி எளிய தமிழில் கிடைக்குமா? பினாங்கில் சேர்ந்து வாசிக்க யாராவது முன்வந்தால், ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டிலேயே கூடலாம்.