செப்புத் தகடு போட்டும் வெள்ளி இறங்கவில்லை, உதவி தேவை

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
வணக்கம். கொலுசு வேலையில் சேர்ந்த அரத்தூளையும் வெட்டு மிச்சத்தையும், அதிலுள்ள வெள்ளியைத் திரும்ப எடுக்க, நைட்ரிக் திராவகத்தில் கரைத்து, போர் தண்ணீர் விட்டுச் செப்புத் தகட்டைத் தொங்கவிட்டேன். ராத்திரி முழுக்க இருந்தும் தகட்டில் சாம்பல் பொடி லேசாகத்தான் பிடித்திருக்கிறது. தகடு மட்டும் மெலிந்துகொண்டே போகிறது. குமிழி, செம்பழுப்புப் புகை நிற்கவில்லை. தண்ணீர் விட்டபோதே கரைசல் வெள்ளையாகக் கலங்கியது. வியாபாரி கொடுத்த வெள்ளி, எடைக்கணக்கு சொல்லியாக வேண்டும்.

அம்மாபேட்டை:
இன்னும் கொஞ்சம் திராவகம் ஊற்றிச் சூடு பண்ணிப் பாருங்கள்.

கன்னங்குறிச்சி வேதியியல்:
வேண்டாங்க, அதுதான் இங்கே அதிகம். முதலில் பாத்திரத்தை வெளிக்காற்றுக்குக் கொண்டுபோங்கள். அந்தப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. சுவாசித்தவுடன் ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலைப் பிடிக்கும்.

வெள்ளி கரைசலில்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள். செம்பு கரைந்து வெள்ளியை வெளியே தள்ள வேண்டும். 100 கிராம் வெள்ளிக்குச் சுமார் 30 கிராம் செம்பு போதும். ஆனால் மிச்சத் திராவகம் இருந்தால் அது நேராகச் செம்பைத் தின்னும், இறங்கிய வெள்ளியையும் திரும்பக் கரைக்கும். தகட்டை எடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வெள்ளி மிச்சத்தைப் போட்டு மெல்லிய சூட்டில் வையுங்கள். குமிழி அடங்கினால் திராவகம் தீர்ந்தது. அப்புறம் காய்ச்சி வடித்த தண்ணீர் மூன்று மடங்கு சேர்த்துத் தகட்டைப் போடுங்கள்.

போர் தண்ணீர் இதற்கு ஆகாது. அதிலுள்ள உப்பு வெள்ளியைப் பிடித்து வெள்ளிக் குளோரைடாக்கிவிடும். அந்த வெள்ளைப் பொடியை வடிகட்டித் தனியாக வையுங்கள், கொட்டிவிடாதீர்கள். துளி எடுத்து வெயிலில் காட்டினால் ஊதாவாகக் கறுக்கும். கறுக்காவிட்டால் பற்றாசுப் பொடியில் (நகையைப் பற்றவைக்கும் உலோகப் பொடி) இருந்த தகரமாக இருக்கலாம்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
நன்றி சார். வெயிலில் கறுத்துவிட்டது! எல்லாம் இறங்கியதா என்று எப்படித் தெரியும்?

கன்னங்குறிச்சி வேதியியல்:
தெளிந்த கரைசலில் சில சொட்டு கண்ணாடி டம்ளரில் எடுத்து, உப்புத் தண்ணீர் விடுங்கள். தயிர்த் திப்பி மாதிரி வெள்ளை வந்தால் வெள்ளி பாக்கி. தெளிவாகவே இருந்தால் முடிந்தது. சோதித்த சொட்டைத் திரும்ப ஊற்றாதீர்கள். நடுநடுவே தகட்டைத் தட்டிவிடுங்கள், இல்லையேல் பஞ்சாகப் படிந்த வெள்ளி செம்பை மூடிக்கொள்ளும். பித்தளை வேண்டாம், சுத்தச் செம்பு மட்டும்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
இறங்கிவிட்டது சார். தட்டத் தட்டச் சாம்பல் நிறப் பஞ்சு அடியில் குவிகிறது, மேலே நல்ல நீலம். உப்புச் சோதனையும் தெளிவு. கழுவி வெங்காரம் (போராக்ஸ்) சேர்த்து மூசையில், அதாவது உருக்கும் கிண்ணத்தில், உருக்கலாமா?

கன்னங்குறிச்சி வேதியியல்:
கழுவுகிற தண்ணீரில் நீலம் துளியும் தெரியாமல் போகும்வரை கழுவி, நன்றாகக் காயவைத்து உருக்குங்கள். ஈரமாக மூசையில் போட்டால் தெறிக்கும். தனியாக எடுத்த குளோரைடை அதில் கலக்காதீர்கள், சூட்டில் புகையாகப் போய்விடும். அதை மீட்கும் முறை வேறு, தனி இழையில் கேளுங்கள்.

அம்மாபேட்டை:
அந்த நீலத் தண்ணீரைச் சாக்கடையில் விடலாமா?

கன்னங்குறிச்சி வேதியியல்:
கூடாது. நம்ம சேலத்துச் சாக்கடை போய்ச் சேர்வது திருமணிமுத்தாறு. பழைய இரும்புத் துண்டுகளை அதில் ஊறவிட்டால் செம்பு செந்தூளாக இறங்கும், அதைப் பழைய செம்பு எடுப்பவரிடம் போடலாம். மீதித் தண்ணீரில் சுண்ணாம்பு கலக்கி, தெளியவிட்டு, அடிச்சேற்றை மூடிய டப்பாவில் சேர்த்துவைத்து அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.