புதுப்பிப்பு: வார்ஃபரின் எடுக்கும் அப்பாவின் ஐ.என்.ஆர் ஏன் ஏறி இறங்கியது

பதில் எழுதிய எல்லோருக்கும் மிக்க நன்றி. காலில் இரத்தக்கட்டிக்கு வார்ஃபரின் (இரத்தம் உறைவதைக் குறைக்கும் குளிசை) எடுக்கும் அப்பாவுக்கு ஐ.என்.ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் சோதனை அளவு; கூடினால் இரத்தம் கசியும், குறைந்தால் கட்டி வரலாம்) 2–3 இற்குள் நிற்கவில்லை, 1.6 வரை இறங்குகிறது என்று கேட்டிருந்தேன்.

சரிவந்தது கீரை பற்றிய யோசனைதான். ஒரு கிழமை தினமும் வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை; அடுத்த கிழமை ஒன்றுமில்லை. கீரையிலுள்ள வைட்டமின் கே கூடினால் வார்ஃபரினின் வேலை குறையும். ஆனாலும் கீரையை நிறுத்தத் தேவையில்லை. கிழமைதோறும் ஒரே அளவில் சாப்பிட, குளிசை மாற்றாமலே 2.4 இல் நின்றது.

எதிர்பாராதது, பல்லுக்குக் கொடுத்த மெட்ரோனிடசோல் என்ற அன்டிபயோட்டிக். அது ஈரலில் வார்ஃபரின் உடைவதைத் தடுக்கும். ஐ.என்.ஆர் 4.8, பல் துலக்கினால் முரசில் இரத்தம் நிற்காமல் கசிந்தது. கிளினிக்கில் ஒரு நாள் வார்ஃபரினை நிறுத்தச் சொல்லி, திரும்பவும் சோதித்தார்கள். எந்த அன்டிபயோட்டிக் தொடங்கினாலும் கிளினிக்குக்கு அன்றே சொல்லுங்கள், 3–5 நாளில் ஐ.என்.ஆர் பாருங்கள்.

நோவுக்கு டைக்ளோபெனக், ஐபுப்ரூபென் தாங்களாக வாங்கிப் போட வேண்டாம், வயிற்றில் இரத்தம் கசியலாம். தவறவிட்ட வார்ஃபரின் குளிசையை அன்றைக்கே நினைவு வந்தால் போடலாம்; அடுத்த நாள் இரண்டாகப் போடவே கூடாது. மலம் கறுப்பாகப் போனாலோ தலையில் அடிபட்டாலோ, நோ இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.